பாதி முகம் தங்கம்

பிப்ரவரி 3

காலையில் போட்டோக் கடை திறந்ததும் வழக்கம்போல வெள்ளை அட்டையைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். இவர் கேமராவை ஒரு தடவை அமுக்கினார். முடிந்தது. 'இன்னைக்கு வெள்ளைன்னா இதுதான்' என்று கேமராவுக்கு தினமும் காட்டிவிட வேண்டுமாம். விளக்குக்கு விளக்கு வெள்ளை மாறுமாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட நாலு தடவை சொன்னால் மண்டையில் ஏறும். இந்த மிஷினுக்கு ஏறவே இல்லை. அதற்கு நான் டீச்சர். அஞ்சாவதோடு நின்ற டீச்சர்!

அந்தப் படத்தில் அட்டைக்கு மேலே என் மூஞ்சியும் விழும். இவர் அதைப் பார்க்க மாட்டார். அட்டையை மட்டும் பார்ப்பார், அழித்துவிடுவார். இத்தனை வருஷத்தில் என் மூஞ்சி எத்தனை அழிந்திருக்கும்? எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு தெருவே குடியிருக்கும்.

லைசென்ஸ் படத்துக்கு ஒரு டிரைவர் தம்பி வந்தார். ஒல்லிக்குச்சி. கடைக் கோட்டு அவருக்குத் தொளதொள. பின்னால் துணிக் கிளிப் போட்டு இழுத்துப் பிடித்தேன். "முன்னாலே மேனேஜர், பின்னாலே கொடியில காயப்போட்ட துணி. திரும்பிடாதீங்க தம்பி" என்றேன். சிரித்துவிட்டார். லைசென்ஸுக்குச் சிரிக்கக் கூடாது என்று இவர் முறைத்தார். என்னைத்தான்.

பிப்ரவரி 6

இவர் எதிர்க்கடைக்குப் போய்ப் படம் எடுத்தார். பேக்கரிக்குப் பெரிய போர்டு வைக்கப் போகிறார்களாம். மத்தியானம் போனவர், பிள்ளைகள் பள்ளி விட்டுப் போகும்வரை வரவில்லை. ஒரு பன் படம் எடுக்க அத்தனை நேரமா? பன் என்ன, வெட்கப்பட்டுத் திரும்பித் திரும்பி உட்கார்ந்ததா?

வந்ததும் கேட்டேன், "எப்படி எடுத்தீங்க?"

"நல்லா அசையாம உட்கார்ந்தாங்க."

பன்னைச் சொல்லவில்லை. கடைக்காரியைச் சொல்கிறார். இவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒன்றாக வந்து ரொம்ப நாளாச்சு. கையில் பன் பொட்டலம் வேறு. நான் தொடவில்லை.

(அப்புறம் தின்றேன். பன் மேல் என்ன கோபம்.)

பிப்ரவரி 9

ஷோகேஸிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டார்.

பிப்ரவரி 10

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கை நடுங்கியது என்று எழுதினால் நாடகமாக இருக்கும். நடுங்கவில்லை. அறையலாம் போல இருந்தது.

கடை வாசலில் கண்ணாடி போட்ட பெட்டி. கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பக்கம் குழந்தை படம், ஒரு பக்கம் கல்யாண ஜோடி, நடுவில் நான். குழந்தைகள் மாறுவார்கள், ஜோடிகள் மாறுவார்கள். நான் மாறினதில்லை. இப்போது அந்த நடு இடத்தில் ரொட்டிராணி. பேர் நான் வைத்தது. அவளுக்குத் தெரியாது. புருஷன் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவை தரை தட்டுவான் என்று கேள்வி.

படம் நன்றாக இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சலே. கன்னம் தேன். கை தேன். போட்டிருக்கும் உடுப்புகூடத் தேன் நிறம். யாரோ ஆளை வெண்ணெயில் புரட்டி எடுத்த மாதிரி ஒரு மினுமினுப்பு. கொஞ்சமாகச் சிரிக்கிறாள், பல் தெரியாமல். எனக்குப் பல் தெரியாமல் சிரிக்கத் தெரியாது.

"ஏங்க, என் படம் எங்க?"

"வெளுத்துப்போச்சு."

"எது வெளுத்துப்போச்சு?"

"வெயில் பட்டா சிவப்பு முதல்ல போயிடும். நீலம்தான் நிக்கும்."

"என்னைச் சொல்றீங்களா, படத்தைச் சொல்றீங்களா?"

லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். குத்துக்கல்லோடு குடித்தனம் நடத்தினால்கூட மழைக்கு நனையும், வெயிலுக்குச் சுடும்.

கவுன்டருக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த என் படத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். உதட்டில் சிவப்பு இல்லை. மூஞ்சி நீலம் பாரித்துக் கிடக்கிறது, குளத்திலிருந்து இழுத்துப் போட்டவள் போல. சரி, வெளுத்தது வெளுத்ததுதான். அதற்கு என்னைப் புதுசாக எடுக்க வேண்டுமா, எதிர்க்கடையிலிருந்து ஆள் பிடித்து வர வேண்டுமா?

பிப்ரவரி 12

ஷோகேஸ் கண்ணாடி துடைத்தேன். இடது பக்கம் துடைத்தேன். வலது பக்கம் துடைத்தேன். நடுவில் தூசி இருக்கட்டும்.

பிப்ரவரி 15

கடை மூடுகிற நேரத்தில் நானே ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். "எடுங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். கட்டின பெண்டாட்டி படம் எடுங்க என்றால் எதுக்கு என்று கேட்கிற ஆண்பிள்ளை இவர் ஒருத்தர்தான் இருப்பார்.

"அசையாதே."

"நான் எங்க அசைஞ்சேன்? பூமி சுத்துது."

"வாயை மூடு."

"மூடினா மூஞ்சி வீங்கின மாதிரி இருக்கும்."

எடுத்தார். கம்ப்யூட்டரில் காட்டினார். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி ஒரு மூஞ்சி. கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பு, நெற்றியில் இருக்கிற கோடு, எல்லாம் வரிசையாக வந்து ஆஜர்.

"இதுதான் சரியான நிறம்" என்றார்.

சரியான நிறம் யாருக்குய்யா வேணும்? எதிர்க்கடைக்காரிக்குத் தேன், எனக்குச் சரியான நிறமா? எடுக்கிற கையில்தானே இருக்கிறது. மனசில் இருப்பதுதானே கையில் வரும். அப்படித்தானே?

அப்படித்தான் போல.

பிப்ரவரி 18

மகள் போன் செய்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அம்மா, உனக்குப் பொறாமைம்மா."

"பொறாமையா? எனக்கா? கடை பேரு கெட்டுடக் கூடாதேன்னு ஒரு அக்கறைடி."

"ஆமாம், உன் அக்கறை இங்க வரைக்கும் கருகின வாசனை அடிக்குது."

பெற்றதே இப்படிப் பேசினால் கட்டினது எப்படிப் பேசும்? பேசவே பேசாது.

பிப்ரவரி 21

துணிக்கடைக்குப் போய் ரொட்டிராணி போட்டிருக்கிற அதே தேன் நிறத்தில் ஒரு சட்டை தேடினேன். கடைக்காரர் பத்துப் பதினைந்து எடுத்துப் போட்டார். ஒன்று அச்சு அசல் அதே நிறம். கடைக்குள் தங்கமாக ஜொலித்தது. வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து பையைத் திறந்து பார்த்தால் கடுகு அரைத்த நிறம். துணியை மாற்றிக் கட்டிவிட்டானோ என்று திரும்பி உள்ளே போனேன். உள்ளே மறுபடியும் தங்கம்!

"அக்கா, எங்க கடை லைட் அப்படி" என்று சிரிக்கிறார்.

வீட்டில் டியூப்லைட் அடியில் விரித்தேன். வயிறு சரியில்லாத குழந்தை கக்கினது போல இருந்தது. ஒரே சட்டை, மூன்று இடத்தில் மூன்று குணம். என் நாத்தனாரை நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் நாளை மறுநாள் போட்டுக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறேன். அவள் பார்க்க வேண்டும். தேன் உனக்கு மட்டும்தானா?

பிப்ரவரி 23

போனேன். மானம் போனது.

ரொட்டிராணி மாவுக்கையோடு நிற்கிறாள். அவள் போட்டிருக்கிற கோட்டு வெள்ளை. பால் வெள்ளை. படத்தில் போட்டிருந்த அதே கோட்டு, அதே பெரிய பொத்தான்.

"வாங்கக்கா. சட்டை புதுசா?"

"ஆமாம்மா. உன்னோட தேன் கலர் சட்டை ஒண்ணு இருக்கே, படத்துல போட்டிருக்கியே, அது மாதிரி வாங்கினேன்."

"என்கிட்ட ஏதுக்கா தேன் கலர்? எனக்கு எந்நேரமும் இந்த வெள்ளைக் கோட்டுதான்."

வாயடைத்து நின்றேன். எனக்கே வாயடைத்தது என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரொட்டி அலமாரிக்கு மேலே வரிசையாக மஞ்சள் குண்டு பல்பு தொங்குகிறது. அதன் அடியில் என் கையை நீட்டினேன். என் கைதான். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த கை. அதுவும் தேனாகிவிட்டது! இந்தப் பல்பு அடியில் கரிக்கட்டையை வைத்தாலும் கேக் என்று வாங்கிப் போவார்கள்.

"உங்க சிரிப்பு ரோட்டைத் தாண்டி இங்க கேக்கும்கா" என்றாள். "எங்க கடையில மாவு மிஷின் சத்தம்தான்."

என்ன அர்த்தத்தில் சொன்னாளோ. நான் அப்போது பல்பின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 24

எலக்ட்ரிக் கடையில் அதே மாதிரி பல்பு கேட்டேன்.

"வீட்டுக்கா, கடைக்காக்கா?"

"மூஞ்சிக்கு."

ஒன்றுதான் இருந்தது. ஒன்று போதும். தலை மினுங்க ஒரு சொட்டு எண்ணெய் போதாதா?

பிப்ரவரி 26

இன்றைக்கு இவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு குரூப் போட்டோ எடுக்கப் போனார். இவர் இல்லாத நாளில் வந்தவர்களை நான்தான் எடுப்பேன். எல்லாம் தயாராக வைத்துவிட்டுப் போவார், அமுக்குவதுதான் என் வேலை.

ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் குடை கட்டின விளக்கு. வலது பக்கக் குடையில் இருந்த பல்பைக் கழற்றிவிட்டு மஞ்சளைப் போட்டேன். டைமர் வைத்து, ஓடி வந்து ஸ்டூலில் ஏறி, அட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஓடி வந்து ஏறினதில் எனக்கே சிரிப்பு. குரங்குக்குக் கல்யாணம் என்றால் இப்படித்தான் ஓடும். க்ளிக். படத்துக்காக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டேன். குட்டித்திரையில் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் பளிச்சென்று ஒரு கன்னம் தங்கம்! மறுபக்கம் ஏதோ நிழல். போகட்டும், பாதி தங்கமும் தங்கம்தான். கேமராவுக்கு அட்டையையும் காட்டியாயிற்று.

அப்போது பார்த்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுக்கும் தங்கம் இருக்கட்டும் என்று பல்பை அப்படியே விட்டேன். ஒரு அம்மா, இரண்டு பெண்கள். பெரியவள் நாளைக்கு வேலைக்கு வெளிநாடு போகிறாளாம், வர இரண்டு வருஷமாகுமாம். சின்னவளுக்குப் படத்துக்கென்றே சிவப்பு கவுன். மூன்று பேரையும் நெருக்கி உட்கார வைத்து, "யாரு அழுதாலும் நானும் அழுவேன், எனக்கு மூக்கு ஒழுகும், நல்லா இருக்காது" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அமுக்கினேன். என் ஜென்மத்தில் இத்தனை நன்றாக ஒரு சிரிப்பைப் பிடித்ததில்லை.

இவர் வந்து பார்க்கட்டும். தங்கம் எப்படி வரும் என்று எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 27

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் எடுத்த குடும்பப் படத்தைத் திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார்.

பிப்ரவரி 28

"இங்க வா" என்று கூப்பிட்டார். போனேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் நீலம். நடுவில் மூக்கு, எல்லைக்கல் மாதிரி. பெரியவள் முழுக்க நீலம். சின்னவளின் சிவப்பு கவுன் ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் கத்தரிக்காய். சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். அந்தப் பெண் நேற்றே போய்ச் சேர்ந்திருப்பாள். திரும்ப உட்கார வைக்க ஆள் இல்லை.

"வலது பக்க பல்பை யார் மாத்தினது?"

"பூனை."

"பூனை பல்பு மாத்துமா?"

"இந்த வீட்டுப் பூனை மாத்தும்."

இவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பிறகு இவரே சொன்னார், மெதுவாக. இரண்டு விளக்கும் ஒரே ஜாதியாக இருந்தால் கேமரா எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளும், ஆளுக்கு ஒன்றாக இருந்தால் எதற்கு என்று சரிக்கட்டும் என்றார். நடுவில் நின்று முழித்திருக்கிறது பாவம். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டின பிள்ளை மாதிரி. இரண்டு பேருக்கும் நல்லவனாகப் பார்த்து இரண்டு பேரையும் கெடுத்தாயிற்று.

"எதுக்கு மாத்தினே?"

சொல்லிவிட்டேன். எத்தனை நாள்தான் வயிற்றிலேயே வைத்திருப்பது? "அவள மட்டும் தேன்ல முக்கி எடுத்தீங்கல்ல. எனக்கு மட்டும் சரியான நிறம். அதான். போதுமா?" மூக்கு ஒழுகிவிட்டது. எனக்கே ஆச்சரியம்.

இவர் என்னைப் பார்த்தார். நான் ஏதோ வேறு பாஷை பேசின மாதிரி.

"நான் ரொட்டியைத்தானே எடுத்தேன்."

"என்னது?"

"அங்க வெள்ளை அட்டை காட்டி எடுத்தேன். ரொட்டி மூணு நாள் பழசு மாதிரி வந்துச்சு. அதான் காட்டாம விட்டுட்டேன். மஞ்சள் அப்படியே இருக்கட்டும்னு. அந்தம்மா பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. அவங்களும் கூட மஞ்சளாயிட்டாங்க."

கேட்டுக்கொண்டே நின்றேன். இத்தனை நாள் நான் பொறாமைப்பட்டது ஒரு ரொட்டியைப் பார்த்தா?

ஆனால் ஒன்று. ஷோகேஸ் நடுவில் வைத்தது ரொட்டியை இல்லையே. அதை நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், நான்தான் மறுபடி முட்டாளாவேன்.

மார்ச் 1

இவர் நாள் முழுக்க அந்தக் குடும்பப் படத்தோடு மல்லாடினார். ஆரஞ்சைக் குறைத்தால் நீலம் ஏறுகிறது, நீலத்தைக் குறைத்தால் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது போலாகிறது. கடைசியில் நிறம் முழுவதையும் உருவி எடுத்துவிட்டார். கறுப்பு வெள்ளை.

"கலர் இருந்தாத்தான் சண்டை. எடுத்துட்டா வெளிச்சம் மட்டும்தான் மிச்சம்."

இதையும் இவர்தான் சொன்னார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை பேசிவிட்டார். மழை வரப்போகிறது.

மார்ச் 2

அந்த அம்மா வந்தார், சின்னவளைக் கூட்டிக்கொண்டு. உறையை நீட்டினேன். "லைட்டுல ஒரு கோளாறாயிடுச்சும்மா. கோளாறு நான்தான்" என்றேன்.

எடுத்துப் பார்த்தார். பிறகு, "எங்க அம்மா மாதிரியே இருக்கேன்" என்றார். "எங்க அம்மாவுக்கு இருந்ததே ஒரே படம். அதுவும் கறுப்பு வெள்ளைதான்." பெரியவளின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு உறையில் போட்டுக்கொண்டார்.

சின்னவள் விடவில்லை. "என் சிவப்பு கவுன் எங்க?"

"கண்ணை மூடிப் பாரு, தெரியும்."

மூடிப் பார்த்தது. "தெரியல. அத்தை பொய் சொல்றாங்க."

ஆமாம் கண்ணு. அந்தச் சிவப்பை நான்தான் தின்றேன். சிவப்பு முதலில் போய்விடும் என்று இவர் சொன்னாரே. என் உதட்டிலிருந்து வெயில் எடுத்துக்கொண்டது, அவள் கவுனிலிருந்து நான்.

மார்ச் 3

மஞ்சள் பல்பைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

மார்ச் 6

பல் வலி. கடைக்கு மெதுவாகத்தான் போனேன். வாசலில் நாலைந்து பேர் நின்று ஷோகேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் டிரைவர் தம்பியும் இருந்தார். "அக்கா, இது நீங்கதானே?" என்றார்.

நடுவில் ரொட்டிராணி இல்லை. நான். அன்றைக்கு டைமர் வைத்து ஓடி வந்து ஏறினேனே, அந்தப் படம். ஒரு கன்னம் ஆரஞ்சு, ஒரு கன்னம் நீலம். தாடைக்குக் கீழே வெள்ளை அட்டை, அதுவும் வெள்ளையாக இல்லை. வாய் திறந்திருக்கிறது, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிகிறது.

"ஏங்க! மானம் போச்சு! எடுங்க அதை!"

"இருக்கட்டும்."

"கலர் எல்லாம் கன்னாபின்னான்னு கிடக்கு!"

"ஆமா. கலர் எல்லாம் தப்பு."

"தப்புன்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்கு வெச்சீங்க?"

யோசித்தார். கேமராத் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ஆள் சரியா வந்திருக்கு."

பல் வலி என்று சொல்லி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். பல் வலி அப்போது இல்லை.

மார்ச் 10

ரொட்டிராணி வந்தாள். அவள் படம் இப்போது அவள் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது, அதுதான் அதற்குச் சரியான இடம். ஷோகேஸ் முன்னால் நின்று தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"அக்கா, எனக்கும் இதே மாதிரி ரெண்டு கலர்ல ஒண்ணு எடுத்துத் தரச் சொல்லுங்கக்கா. கப்பல்ல இருக்கிற அவருக்கு அனுப்பணும். போன படத்தைப் பார்த்துட்டு 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொன்னார். இதை அனுப்பினா சிரிப்பார்."

பாவமாகத்தான் இருந்தது. ஒரு நொடி.

"அந்தப் பல்பு ப்யூஸ் போயிடுச்சும்மா" என்றேன்.

போகட்டும், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம். கொஞ்ச நாள் நான் மட்டும் இருக்கிறேனே.

மார்ச் 13

காலையில் கடை திறந்ததும் அட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் அமுக்கினார். அட்டையைக் கீழே இறக்கப் போனேன். "இரு" என்றார். இன்னொரு தடவை அமுக்கினார்.

"இது எதுக்கு?"

"கண்ணை மூடிட்டே."

நான் மூடவில்லை. எனக்குத் தெரியாதா.